சொற்களுக்கு நடுவே இடைவெளி எங்கே?

பேச்சையும் மொழியையும் கணினிக்குப் புரிய வைக்கும் துறையில் முதுகலை சேர்பவர்கள் தொடக்கத்திலேயே செய்து பார்க்க வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. தங்கள் குரலைப் பதிவு செய்து, அதன் ஒலி நிறமாலையைத் திரையில் பார்ப்பது. படத்தின் குறுக்கே நேரம் ஓடும். கீழிருந்து மேலே அதிர்வெண் ஏறும். ஒலி வலுவான இடம் கறுப்பாகத் தெரியும்.

'பாட்டு வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவே வெள்ளைப் பட்டை வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. 'டு' அப்படியே 'வே'யில் வழிந்து கலந்துவிடும். வெள்ளைப் பட்டை இருப்பது 'பாட்டு' என்ற சொல்லுக்கு உள்ளே! 'ட்' சொல்ல நாக்கு மேலண்ணத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒலியே இல்லை. நாம் இடைவெளி என்று கேட்பது காற்றில் இல்லை, மொழியறிவில் இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான்.

சரி, மொழி தெரியாத கணினி என்ன செய்யும்? ஒலியை விநாடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்கிக்கொள்ளும். பிறகு 25 மில்லி விநாடித் துண்டு ஒன்றை எடுக்கும். 10 மில்லி விநாடி நகர்ந்து அடுத்த துண்டு. அவ்வளவு குறுகிய நேரத்தில் வாயின் வடிவம் பெரிதாக மாறிவிடாது என்பதே இந்த அளவுக்குக் காரணம். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது, வெப்பம் பரவுவதை விளக்க பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் இருந்த கணிதம். வாய் திறந்து 'ஆ' சொன்னால் முதல் ஒத்ததிர்வு, அதாவது தொண்டையும் வாயும் வலுப்படுத்தும் அதிர்வெண்களில் மிகத் தாழ்ந்தது, ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸில் விழும்; 'ஈ' என்றால் 300 பக்கம் இறங்கும். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் ஏராளமான குரல்களைக் கொடுத்துப் பழக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது ஒலிகளின் வரிசை மட்டும்தான். 'அந்தமான்' என்று காதில் விழுகிறது. தீவா, அந்த மானா? ஒலியில் விடை இல்லை. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து கற்ற மொழி மாதிரிதான் இங்கே கைகொடுக்கிறது. இரண்டு வாய்ப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு அது காத்திருக்கும். 'ஓடியது' என்று வந்தால் மான். 'போனேன்' என்று வந்தால் தீவு. கைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, முன்பு விழுந்த சொல் திடீரென்று மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நொடியில் நடப்பது இதுதான்.