மாத்திரை நின்றுபோவதற்கு முகவரியும் ஒரு காரணம்

மனநலப் பிரிவின் பதிவேட்டில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதியிருந்தால், நோயாளிக்குத் தன் நோய் புரியவில்லை, வீட்டாருக்கு அக்கறையில்லை என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மனநல சமூகப் பணியாளராக, மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து வருவோரிடம் பேசிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: அதே பதிவேட்டில் உள்ள முகவரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கடலோரத்திலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், அதன் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. நடந்துபோகும் தூரத்தில் அரசு மருத்துவமனை இருந்தவர்களுக்கு, இன்று கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். இரவு மாத்திரையின் மயக்கம் தெளியாத மகனை எழுப்பி, லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாம் மாடியிலிருந்து கைப்பிடித்து இறக்கி, இரண்டு பேருந்து மாறிக் கூட்டிவர வேண்டும். பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் வீட்டுவேலை செய்யும் தாய்க்கு அன்றைய சம்பளம் போய்விடுகிறது. அடிக்கடி லீவு எடுத்தால் வேலையே போய்விடுகிறது.

குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கியவர்களுக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்து வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குப் பயன்படும் இந்த மருந்தை, இவ்வளவு தொலைவிலிருந்து வருபவருக்கு எழுத மருத்துவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. ஆக, ஒருவருக்கு எந்த மருந்து கிடைக்கும் என்பதையே அவர் குடியிருக்கும் இடம் தீர்மானித்துவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தூரம் மட்டுமே தடையன்று. பழைய தெருவில், வழிதவறிப் போனவரை டீக்கடைக்காரரே வீட்டில் கொண்டுவந்து விடுவார். குலுக்கலில் வீடு கிடைத்த புதிய பிளாக்கில் அவரை யாருக்கும் தெரியாது. சத்தம் போட்டால் காவல் நிலையத்துக்குத்தான் தகவல் போகிறது. கண்ணகி நகர் என்றாலே வேலை தரத் தயங்குபவர்கள் இருக்கும் ஊரில், நோயின் பெயரும் சேர்ந்துகொண்டால் என்னாகும் என்று அஞ்சி, பக்கத்து மருத்துவமனைக்கே போகாத குடும்பங்களும் உண்டு.

மனநோய் உள்ள எவரும் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு பயணம் செய்யும் நிலை இருக்கக் கூடாது, வசிப்பிடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். ஆனால் சிலருக்கு மாத்திரைக்குப் பதிலாகப் போடும் மாதாந்திர ஊசியைத் தொலைபேசியில் போட முடியாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அருகில் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமையில் வருகிறார் என்பதைக் குடும்பத்தார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து, மருந்துச் சீட்டின் நகலுடன் அங்கே தொடர முடியுமா என்று இப்போது பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். சக பணியாளர்களும் முதல் நாளிலேயே எந்தப் பேருந்து, எத்தனையாவது மாடி, கூட வருபவர் யார், அவருக்கு எந்தக் கிழமை விடுமுறை என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அடுத்த தேதியைக் கொடுக்க வேண்டும்.