இடிக்கப்போகும் கட்டடத்துக்குள் ரேடியோவோடு நுழைந்தவர்கள்

2004-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 13 மாடிக் குடியிருப்பு ஒன்றை வெடிவைத்துத் தகர்க்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் உள்ளே போய் வாக்கி-டாக்கி போன்ற ரேடியோக்களை வைத்துவிட்டு வந்தவர்கள் 'நிஸ்ட்' என்ற அந்நாட்டுத் தரநிர்ணய நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அவற்றை இடைவிடாமல் சிக்னல் அனுப்பும்படி மாற்றியிருந்தார்கள். கட்டடம் நிற்கும்போதும், விழும்போதும், குவியலாகக் கிடந்தபோதும் வெளியே எவ்வளவு சிக்னல் வருகிறது என்று அளந்தார்கள். அதே ஆண்டு பிலடெல்பியாவின் வெட்டரன்ஸ் ஸ்டேடியத்திலும் (அது விழ எடுத்துக்கொண்டது 62 விநாடி) வாஷிங்டனின் பழைய மாநாட்டு மையத்திலும் இதே வேலை நடந்தது.

பெரிய கட்டடத்துக்குள் போனதும் ரேடியோ ஊமையாகிவிடுவது தீயணைப்புக்காரர்களின் பழைய தலைவலி. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் அதன் விலை எல்லோருக்கும் தெரிந்தது.

இடிக்காத கட்டடங்களிலும் அளந்தார்கள். முறை எளிது: ஒருவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடி, படிக்கட்டு, பேஸ்மென்ட் என்று சுற்றுவார், வெளியே நிலையாக நிற்கும் கருவி பதிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து உள்ளே வரும் சிக்னலைப் பற்றித்தானே கவலை, ஏன் தலைகீழாகச் செய்கிறார்கள்? ஒரே பாதையில் போகும்போது இழப்பதைத்தான் அலை வரும்போதும் இழக்கிறது. கனமான கருவியைத் தூக்கி அலைவதைவிடச் சின்ன ரேடியோவைத் தூக்குவது லேசு.

இழப்பை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதி, 10 என்றால் பத்தில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. போன் திரையில் சிக்னல் அளவு மைனஸ் 70 என்று இருந்தது லிஃப்ட் கதவு மூடியதும் மைனஸ் 100 ஆகிறதென்றால், ஆயிரத்தில் 999 பங்கு காணாமல் போய்விட்டது.

ஆனால் ஓரிடத்தில் நின்று எடுத்த ஒற்றை அளவை நம்பக் கூடாது. சுவர், தரை, இரும்பு அலமாரி என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பிய அலைகள் ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று தோள்கொடுக்கும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். அதில் பாதி தூரத்தில், அதாவது நாலு விரல் அகலம் நகர்ந்தாலே, சிக்னல் அழியும் அடுத்த பள்ளம் வந்துவிடலாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு நாம் அரை அடி தள்ளித் தள்ளி நிற்பது மூடநம்பிக்கை அல்ல. அளப்பவர்கள் நடந்துகொண்டே பல அலைநீளத் தூரத்துக்கு எடுத்துச் சராசரி பார்ப்பதும் இதனால்தான்.

சராசரி எடுத்த பிறகும் கட்டடம் விளையாட்டுக் காட்டும். அலுவலகக் கட்டடங்களில் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் கணக்கைப் பாருங்கள்: ஒரு தளம் தாண்டினால் 9 டெசிபல், இரண்டு தாண்டினால் 19, மூன்று தாண்டினால் 24. மூன்றாவது தளம் தின்றது வெறும் ஐந்துதான்! கான்கிரீட் திடீரென இளகிவிடவில்லை. நேர்வழி அவ்வளவு மோசமான பிறகு, ஜன்னல் வழியே வெளியேறி, எதிர்க் கட்டடத்தில் மோதி, மேல்மாடி ஜன்னலில் நுழையும் சுற்றுவழியே மலிவாகிவிடுகிறது.

குறைந்த அதிர்வெண் சுவரை நன்றாக ஊடுருவும் என்று பலரும் சொல்வது பாதி உண்மை. கான்கிரீட்டின் உறிஞ்சலை மட்டும் பார்த்தால் சரி. உள்ளே கம்பி வலை இருக்கிறதே! நிஸ்ட் பயன்படுத்திய 49 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கும் மேல். சாண் அகலக் கட்டங்கள் கொண்ட கம்பிப் பின்னல் அதற்குக் கிட்டத்தட்ட இரும்புத் தகடு. அதிர்வெண் கூடிய குட்டை அலை அந்தக் கட்டங்களில் புகுந்துவிடும். நீண்ட தாழ்வாரத்தைக் குழாய்போலப் பிடித்துக்கொண்டு ஓடவும் செய்யும். ஜன்னல் கண்ணாடியில் வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருந்தால் அந்த வாசலும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். அதனால் எந்த அலை நல்லது என்று கேட்டால், எந்தக் கட்டடம் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். நிஸ்ட் பிற்பாடு பன்னிரண்டு பெரிய கட்டடங்களை அளந்து தனி அறிக்கையே வெளியிட்டது.

கட்டடம் குவியலான பிறகு அவர்கள் செய்த ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இடிபாட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உலோகத் துண்டுகளில் தங்கள் கருவியை இணைத்து, அடியில் புதைந்த ரேடியோவின் குரல் அவற்றின் வழியே ஏறி வருகிறதா என்று காதுகொடுத்தார்கள்.