ஸ்டென்ட் இலவசம்; அதற்கப்புறம் மாத்திரை?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைக் காவல் பார்க்கும் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட், அதாவது அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தார்கள். கொடுத்தனுப்பிய மாத்திரை தீர்ந்ததும், "அதான் சரியாயிருச்சுல்ல" என்று விட்டுவிட்டார். இரண்டே மாதத்தில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. விடக்கூடாது என்று அவரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஆஸ்பிரின், அதோடு கிளோபிடோகிரல் அல்லது டிகாகிரெலார்: இந்த ஜோடிதான் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கிறது. பொதுவாக ஒரு வருடம் இரண்டும் வேண்டும். பிறகும் ஆஸ்பிரின் தொடரும்.

காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிக்கல் வருமானச் சான்றில்தான். "இம்புட்டுப் பெரிய வீட்டு விலாசத்துல இருந்துக்கிட்டு ஏழைன்னா எப்படி?" என்று அந்த அண்ணனையே மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். வீடு முதலாளி ஆச்சியுடையது, அண்ணன் சம்பளத்துக்கு இருப்பவர். இப்படி இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி மனுவோடு வையுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு கிடைக்காது. நெஞ்சு வலி வருமுன் பார்த்துவிடுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

மாத்திரைக்கு அரசு மருத்துவமனைக்குப் போனால், "வெளியில வச்ச ஸ்டென்டா? அங்கேயே போய் வாங்கு" என்பார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை நகலோடு கொண்டுபோய், வெளிநோயாளி சீட்டுப் போட்டு, மருத்துவரையே பாருங்கள். ஒரு வாரத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே போய்விடுங்கள். வீடு தேடி வரும் மாத்திரையை நம்பி உட்கார வேண்டாம். அது சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வந்த ஏற்பாடு.

டிகாகிரெலார் எழுதியிருக்க, கவுன்டரில் கிளோபிடோகிரலை நீட்டினால் அப்படியே வாங்கிப் போடாதீர்கள். முன்னது தினம் இரண்டு வேளை, பின்னது ஒரு வேளை. மாற்றும்போது முதல் டோஸ் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

இந்த மாத்திரைகள் ரத்தக் கசிவை உண்டாக்கும். மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கினால் கசிவு அபாயம் கூடும். கேஸுக்குப் போடும் ஒமிப்ரசோல் கிளோபிடோகிரலின் வேலையைக் குறைக்கும். வேறு மாத்திரை கேளுங்கள். டிகாகிரெலாரில் சிலருக்கு மூச்சு வாங்கும். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல் பிடுங்கப் போனால், "நாலு நாள் நிறுத்திட்டு வாங்க" என்பார்கள். இதய மருத்துவர் எழுதித் தராமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.