சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை

"எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்" என்பது, செவித்திறன் மங்கத் தொடங்கிய பெரியவர்கள் அநேகமாக எல்லா வீடுகளிலும் சொல்லும் வாசகம். அதே மனிதர் "கொஞ்சம் உரக்கச் சொல்" என்று கேட்பார், நாம் குரலை உயர்த்தியதும் "ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று எரிந்து விழுவார். வீட்டார் இதை வீம்பு என்றோ, வயதான காலத்துக் கோபம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவ்விரு பேச்சுகளும் உட்காதில் எந்தப் பகுதி பழுதடைந்திருக்கிறது என்பதை மருத்துவருக்குக் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லிவிடுகின்றன. அதைப் புரிந்துகொள்ள, ஒலி காதுக்குள் போகும் வழியைக் கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடர வேண்டும்.

காற்றில் வரும் ஒலியலை காதுத் துளை வழியாகச் சென்று செவிப்பறையை அதிரச் செய்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. அங்கவடிதான் நம் உடலின் ஆகச் சிறிய எலும்பு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். இந்த எலும்புகளின் வேலை என்னவென்றால், காற்றின் அதிர்வை உட்காதில் உள்ள திரவத்துக்கு மாற்றித் தருவது. காற்றிலிருந்து நேரடியாகத் திரவத்தின் மேல் ஒலி விழுந்தால் அதன் ஆற்றலில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திருப்பி எறியப்பட்டுவிடும். செவிப்பறையின் பரப்பு, அங்கவடி அழுத்தும் சிறு சாளரத்தின் பரப்பைப் போல ஏறக்குறைய 17 மடங்கு என்பதாலும், எலும்புகள் நெம்புகோலாக வேலை செய்வதாலும், அழுத்தம் 20 மடங்குக்கு மேல் பெருகி அந்த இழப்பு ஈடுகட்டப்படுகிறது.

இதுவரையிலான பாதையில் ஏற்படும் தடையைக் கடத்தல் வகைக் குறைபாடு என்கிறார்கள். காதுக் குறும்பி இறுகி அடைத்துக்கொள்வது, செவிப்பறையில் துளை விழுவது, சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்குவது, சிறுவயதிலிருந்தே சீழ் வடிந்து எலும்புகள் அரிக்கப்படுவது, அங்கவடி எலும்பு அசைவற்று இறுகிப்போவது ஆகியவை இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் முக்கியம்: குறும்பியை மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார், துளை விழுந்த செவிப்பறையை உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வைக் கொண்டு ஒட்டிவிடலாம், இறுகிய அங்கவடிக்குப் பதிலாகச் செயற்கைத் துண்டு வைக்கும் அறுவை சிகிச்சை 1956 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊர்களில் எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடுவதும், ஹேர்பின்னாலும் தீக்குச்சியாலும் குடைவதும் இன்னும் நின்றபாடில்லை. குறும்பி தானாகவே மெல்ல வெளியேறும் தன்மையுடையது. குடையும்போதுதான் அது உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டிப்படுகிறது. செவிப்பறையில் துளை இருப்பவர் எண்ணெய் விட்டால் அது நேரே நடுக்காதுக்குள் இறங்கும்.

தொடக்கத்தில் சொன்ன பெரியவரின் சிக்கல் இதைத் தாண்டி, காக்லியா எனப்படும் நத்தைச்சுருளுக்குள் இருக்கிறது. இரண்டரைச் சுற்றுகளாகச் சுருண்டுள்ள இந்தக் குழலை நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்தான் வரும். அதன் உள்ளே நீளவாக்கில் ஓடும் ஒரு சவ்வு, நுழைவாயில் அருகே குறுகி விறைப்பாகவும், உச்சியை நோக்கிப் போகப் போக அகன்று தளர்வாகவும் இருக்கிறது. ஆகையால் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள் நுழைவாயில் பக்கத்திலும், கனத்த தாழ் அதிர்வெண் ஒலிகள் உச்சியிலும் சவ்வை அதிகமாக அசைக்கின்றன. இறந்தவர்களின் காதுகளில் இந்த அலையை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து விளக்கிய ஹங்கேரிய அறிஞர் கியார்க் வான் பெக்கேஷி 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

சவ்வின் மேல் ரோமச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைகளில் ஏறக்குறைய 12,000. இவற்றின் தலையில் உள்ள நுண்ணிய இழைகள் ஓரிரு நானோமீட்டர் சாய்ந்தாலே செல்லுக்குள் மின்மாற்றம் உண்டாகிறது. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசைச் செல்கள்தான். அப்படியானால் எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் வெளிவரிசைச் செல்கள் என்ன செய்கின்றன? ஒலி வந்ததும் அவை தாமே நீண்டு குறுகி, சவ்வின் அசைவைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கூட்டிக்கொடுக்கின்றன. மெல்லிய ஒலிகளுக்கு இந்தப் பெருக்கம் மிக அதிகம். உரத்த ஒலிகளுக்கு அநேகமாக இல்லை. இந்த அசைவின் எதிரொலியாகக் காதே சிறிய ஒலியை வெளியிடுகிறது என்பதை 1978இல் டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் கண்டறிந்தார். பிறந்து ஓரிரு நாளான குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகிச் செய்யப்படும் பரிசோதனை, தூங்கும் குழந்தையின் காது திருப்பித் தரும் அந்த ஒலியைத்தான் பதிவு செய்கிறது.

முதலில் தேய்வது இந்த வெளிவரிசைச் செல்கள்தான், அதுவும் உயர் அதிர்வெண் பகுதியில். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிக்கின்றன. ச, த, க, ட போன்ற வல்லின ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் கூறுகள் உயர் அதிர்வெண்ணில் மெலிதாக இருக்கின்றன. "அந்தச் சட்டையை எடு" என்று அடுத்த அறையிலிருந்து சொன்னால், செவித்திறன் மங்கியவருக்கு "அ", "ஐ" என்ற உயிரொலிகளும் குரலின் ஏற்ற இறக்கமும் நன்றாகவே எட்டும். சட்டையா, கட்டையா, பட்டையா, தட்டையா என்பது மட்டும் தெரியாது. அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை. வெளிவரிசைச் செல்கள் தேய்ந்தால் அடுத்தடுத்த அதிர்வெண்களைப் பிரித்தறியும் கூர்மையும் போய்விடுவதால், கல்யாண வீட்டின் பந்தியில் நாலு பேர் ஒன்றாகப் பேசும்போது எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடுகிறது. உரக்கப் பேசினாலோ, பெருக்கத்தின் உதவி தேவைப்படாமலே உள்வரிசைச் செல்கள் முழு வேகத்தில் தூண்டப்படுகின்றன. கேட்கவே கேட்காத நிலைக்கும் காது கூசும் நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிப்போகிறது. "ஏன் கத்துகிறாய்?" என்ற கோபத்தின் காரணம் இதுதான்.

பறவைகளில் இழந்த ரோமச் செல்கள் மீண்டும் முளைக்கின்றன என்பது 1980களின் பிற்பகுதியில் தெரியவந்தது. மனிதரிடத்தில் அப்படி நடப்பதில்லை. முதுமைக்கு அடுத்தபடியாக இவற்றை அழிப்பது இரைச்சல். ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபல் அளவில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது என்பதால், 85 டெசிபலில் 8 மணி நேரம் இருப்பதும், 100 டெசிபலில் கால் மணி நேரம் இருப்பதும் காதுக்கு ஏறக்குறைய ஒரே சுமைதான். குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களில் பேச வேண்டுமென்றால் காதருகே வாயை வைத்துத்தான் பேச வேண்டும். அங்கே பல ஆண்டுகள் ஒரு ஷிஃப்ட் முழுவதும் நிற்பவரின் காது என்ன பாடுபடும் என்பதற்குக் கருவி கொண்டு அளக்கத் தேவையில்லை. திருவிழா ஒலிபெருக்கியின் அருகில் நின்றுவிட்டு வந்த இரவில் காதில் ரீங்காரம் கேட்டு, மறுநாள் சரியாகிவிட்டால் பாதிப்பில்லை என்றுதான் முன்பு எண்ணினார்கள். கேட்புத்திறன் மீண்ட எலிகளிலும் செல்லுக்கும் செவி நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஒரு பகுதி நிரந்தரமாக அறுந்திருந்ததை 2009இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மருந்துகளும் காரணமாகலாம். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு மாதக்கணக்கில் போடப்பட்டு வந்த கானமைசின், அமிகாசின் ஊசிகள் ரோமச் செல்களை நேரடியாகக் கொல்பவை. உலக சுகாதார நிறுவனம் முழுவதும் மாத்திரைகளாலான சிகிச்சைக்கு மாறச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா, குழந்தைக்கு வரும் மூளைக்காய்ச்சல், புட்டாலம்மை ஆகியவையும் செவியைப் பறிக்கக்கூடியவை. தடுப்பூசியின் பயனை இங்கேதான் நன்றாகப் பார்க்கலாம். பிறவிச் செவிடில் பெரும்பங்கு மரபணுக் காரணம். தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுதான மரபணுவின் ஒரு பிரதி மறைந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும்போது அப்படி ஒரே பழுது இருவரிடமும் அமைவதற்கான வாய்ப்பு கூடுகிறது. இந்தியாவில் உறவுத் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று என்பதால் இதை இங்கே பூசி மெழுகாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நிலை மட்டும் தனி அவசரத்துக்குரியது. எந்தக் காரணமும் தெரியாமல் ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாள்களில் ஒரு காது கேட்காமல் போனால், சளிதான் அடைத்திருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. அதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து, முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு விரைவாகத் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

இழந்த ரோமச் செல்லைத் திருப்பித் தரும் மருந்து இல்லாத நிலையில், செவித்துணைக் கருவிதான் வழி. காது மிஷின் என்று நாம் சொல்லும் அது, எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்குவதாக இருந்தால் மேலே சொன்ன கூச்சமே மிஞ்சும். ஆகவே முதலில் ஆடியோகிராம் எனப்படும் கேட்புத்திறன் வரைபடம் எடுத்து, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இழப்பு என்று பார்க்கிறார்கள். அதற்கேற்ப, மெல்லிய ஒலிகளை அதிகமாகவும் உரத்த ஒலிகளைக் குறைவாகவும் பெருக்கும்படி இன்றைய டிஜிட்டல் கருவி சரிசெய்யப்படுகிறது. கடையில் அளவெடுக்காமல் வாங்கும் மலிவான பெருக்கிகளால் பலருக்கும் ஏமாற்றம் ஏற்படுவது இதனால்தான். அளவெடுத்துச் செய்த கருவிகூட மூக்குக்கண்ணாடியைப் போலப் போட்டவுடன் பளிச்சென்று பழைய நிலையைத் தருவதில்லை; அது கூர்மையை மீட்டுத் தராது, எட்டாத ஒலிகளை எட்டச் செய்யும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் கேட்காமலிருந்த பாத்திரச் சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் திடீரென வந்து மோதும்போது மூளைக்கு அவற்றை ஒதுக்கப் பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரத்திலேயே சலித்துப்போய்க் கருவியைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுபவர்கள், ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநரிடம் திரும்பிச் சென்று இரண்டு மூன்று முறை திருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ரோமச் செல்கள் அநேகமாக அனைத்தும் அழிந்தவர்களுக்குப் பெருக்கிப் பயனில்லை. அவர்களுக்குக் காக்லியர் இம்பிளாண்ட் என்ற மின்கருவி நத்தைச்சுருளுக்குள் செருகப்பட்டு, 22 வரையிலான மின்முனைகளால் செவி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. நுழைவாயில் பக்கத்து முனைகள் உயர் ஒலிக்கும், உள்பக்கத்து முனைகள் தாழ் ஒலிக்கும் என்று, இயற்கையின் வரிசையையே இதுவும் பின்பற்றுகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தையின் மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் பருவம் முதல் சில ஆண்டுகள்தான் என்பதால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசு இலவசமாகச் செய்துதரும் இந்தச் சிகிச்சையிலும் வயது முக்கியமானது. அறுவை முடிந்ததும் குழந்தை பேசிவிடாது. ஓராண்டுக்கும் மேலாகத் தொடரும் கேட்புப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும்தான் மின்துடிப்புகளைச் சொற்களாக்குகின்றன. ஓட்டோஃபெர்லின் என்ற ஒரு மரபணு பழுதான குழந்தைகளுக்கு, அதன் நல்ல பிரதியை உட்காதில் செலுத்திக் கேட்கச் செய்த சீன மருத்துவர்களின் முடிவுகள் 2024இல் வெளியாயின. அது அரிதான வகை. மற்றவற்றுக்கு இன்னும் காலம் ஆகும்.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடன் வாழ்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், சமையலறையிலிருந்து கத்துவதைவிட அருகே வந்து இயல்பான குரலில் பேசுவது பலமடங்கு பயன் தரும். மிக்ஸியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே நின்று, முதலில் பெயரைச் சொல்லி அழைத்த பின் விஷயத்தைச் சொல்லலாம். உதட்டசைவு, தவறிய வல்லினங்களில் பலவற்றைக் கண் வழியாக ஈடுகட்டிவிடும். "சட்டையை எடு" என்பது புரியவில்லையென்றால் அதையே மூன்றாம் முறை உரக்கச் சொல்வதைவிட, "கொடியில் காயும் நீலச் சட்டை வேண்டும்" என்று மாற்றிச் சொன்னால், ஊகிக்க அவருக்குக் கூடுதல் பிடிகள் கிடைக்கும்.