அரசுக் கணக்கா, ஆடிட் ஃபர்மா? முதல் வேலைக்கு முன் கேட்க வேண்டியவை

கணக்கியல் தேர்வில் தேர்ச்சி பெற்றதும், அரசுக் கணக்கு அலுவலகமா, நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஆடிட் ஃபர்மா என்பதைப் பலரும் இரண்டு சம்பளங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன ஆவணங்கள் உங்கள் கையில் வரும், நீங்கள் எழுதியதை யார் திருத்துவார்?

ஒரு சின்ன உதாரணம். நிதியாண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது 50 நாற்காலிகள் வந்து இறங்குகின்றன. பில் அடுத்த மாதம்தான் வருகிறது. ஆடிட் ஃபர்மில் இருப்பவர் முதலில் தேடுவது சரக்கு பெற்ற சீட்டின் தேதியை. பில் வராவிட்டாலும் அந்தக் கடன் இந்த ஆண்டுக் கணக்கில் ஏற வேண்டும். ரொக்க அடிப்படையில், அதாவது பணம் கைமாறும்போது மட்டும், கணக்கு வைக்கும் அரசு அலுவலகத்தில் கேள்விகளே மாறிவிடும்: இந்தச் செலவுத் தலைப்பில் பட்ஜெட் ஒதுக்கீடு இருந்ததா, ஒப்புதல் தந்தவருக்கு அந்தத் தொகைவரை அதிகாரம் உண்டா, பணம் பட்டுவாடா ஆகும் முன்பே ஒதுக்கீடு காலாவதியானால் புதிய ஆண்டில் எதிலிருந்து கொடுப்பது? ஆண்டின் கடைசி வாரங்களில் பில்கள் மலைபோல் குவிவதற்கும் இந்தக் காலாவதிதான் காரணம்.

துறை மாறுபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். தொகை எவ்வளவு பெரிதாக இருந்தால் பொருட்படுத்துவது என்பதற்குத் சர்வதேசத் தணிக்கைத் தரநிலை ஐஎஸ்ஏ 320, உற்பத்தி நிறுவனம் ஒன்றின் வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதத்தை உதாரணமாகச் சொல்கிறது. அந்தப் பழக்கத்தோடு அரசுக்குப் போகிறவர், ஒப்புதல் இல்லாத ஒரு சிறு செலவை "சில்லறைதானே" என்று தாண்டிவிடுவார். அங்கே அது தணிக்கை ஆட்சேபணையாகலாம். எதிர்த்திசையில் வருபவரோ ஒவ்வொரு வவுச்சரையும் துருவி, அந்தத் தணிக்கைக்கு ஃபர்ம் ஒதுக்கிய மணிநேரத்தை இரண்டே நாளில் தீர்த்துவிடுவார்.

ஃபர்மின் பலம், குறுகிய காலத்தில் பல தொழில்களின் கணக்குகளைப் பார்க்கலாம் என்பது. உங்கள் வேலையைப் பார்த்துச் சீனியர் எழுதும் திருத்தக் குறிப்புகளான ரிவ்யூ நோட்டுகள்தான் அங்கே உண்மையான பாடம். ஆனால் ரொக்கம், வங்கி, வவ்சிங் (பதிவுகளை வவுச்சர்களோடு ஒப்பிடுவது) மூன்றிலேயே வருடக்கணக்கில் உட்கார வைத்துவிடும் இடங்களும் உண்டு. டைம்ஷீட்டில் மணிநேரத்தைக் குறைத்து எழுதாதீர்கள். நல்ல பெயர் வாங்குவதற்காகப் பலரும் செய்வதுதான் இது. அடுத்த ஆண்டு அதே வேலைக்கு அந்தப் பொய்யான மணிநேரமே பட்ஜெட்டாக வந்து நிற்கும்.

அரசுப் பக்கம் ஆபத்து வேறு வகை. சம்பளப் பட்டியல் மேசையிலேயே ஐந்து வருடம் இருந்தால், அது ஒரு வருட அனுபவத்தை ஐந்து முறை எழுதிக்கொள்வதுதான். மேசை சுழற்சி உண்டா என்று கேளுங்கள். அந்தத் துறை ரொக்க முறையிலிருந்து, பணம் கைமாறாவிட்டாலும் வரவு செலவைப் பதியும் அக்ரூவல் முறைக்கு, அதாவது ஐபிசாஸ் எனப்படும் சர்வதேசப் பொதுத்துறைக் கணக்கியல் தரநிலைகள் போன்றவற்றுக்கு, மாறிக்கொண்டிருந்தால் தயங்காமல் சேரலாம். சொத்துகளுக்குத் தொடக்க இருப்பு கண்டுபிடிப்பது, ஓய்வூதியக் கடப்பாட்டைக் கணக்கிடுவது போன்ற வேலைகள் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் அமையும்.

தொழில்முறை உறுப்பினர் தகுதிக்குப் பயிற்சிக் காலம் இன்னும் பாக்கியிருந்தால், அந்த அலுவலகத்தில் கழியும் மாதங்கள் கணக்கில் சேருமா என்பதைச் சேரும் முன்பே உங்கள் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேலதிகாரிக்கு உரிய தகுதி இல்லாததால் மாதங்கள் வீணாவதுண்டு. அரசில் ஓய்வூதிய உரிமை எத்தனை ஆண்டில் உறுதியாகிறது, நுழைவுக்கு வயது வரம்பு உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். வரம்பு இல்லையென்றால், எங்கள் பரிந்துரை முதலில் ஃபர்ம். வரம்பு நெருங்கிவிட்டால் யோசிக்காமல் அரசு.

ஃபர்மில் இருக்கும்போது, நீங்கள் தணிக்கை செய்யும் நிறுவனமே வேலை தர முன்வந்தால், பேச்சு தொடங்கும்போதே உங்கள் ஃபர்முக்குச் சொல்லிவிடுங்கள். கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறைக் கோவையின்படி, தணிக்கைக் குழு உறுப்பினர்கள் இதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஃபர்மில் இருந்தாக வேண்டும். மறைத்தால் நீங்கள் கையெழுத்திட்ட வொர்க்கிங் பேப்பர்களை (தணிக்கை வேலைக் குறிப்புகளை) மறுபடி ஒருவர் சரிபார்க்க வேண்டிவரும்.