கங்காருக் குட்டிக்கு மாட்டுப்பால் வேண்டாம்

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து, சாலையில் அடிபட்டு இறந்த கிழக்குச் சாம்பல் கங்காருக்களின் குட்டிகள் எங்கள் மருத்துவமனைக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அண்மையில் வந்த ஒன்றின் வாலடியில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது; இரண்டு கண்மணிகளிலும் வெண்மை படர்ந்திருந்தது. எடுத்து வந்தவர் இரக்கப்பட்டுச் சில நாள் மாட்டுப்பால் புகட்டியிருக்கிறார்.

பால் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணத்தை எத்தனை முறை மறுப்பது! மாட்டுப்பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை மிகுதி. கங்காருப் பாலிலோ அது மிகக் குறைவு. அந்தச் சர்க்கரையைச் செரிக்க இயலாத குட்டிக்கு வயிற்றுப்போக்கும், அதைத் தொடர்ந்து நீரிழப்பும், கண்புரையும் வருகின்றன. தண்ணீர் கலந்தாலும் காய்ச்சி ஆற்றினாலும் லாக்டோஸ் போய்விடாது. குட்டி வளர வளரத் தாய்ப்பாலின் சத்துகளும் மாறுவதால், வயதுக்கேற்ற தனிப் பால்மாவையே நாங்கள் பயன்படுத்துகிறோம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து முதல் தாஸ்மேனியா வரை புல்வெளியும் மரநிழலும் அடுத்தடுத்து உள்ள இடங்களில் வாழும் கிழக்குச் சாம்பல் கங்காரு, சாம்பல் கலந்த பழுப்பு உரோமமும் கருத்த வால்நுனியும் கொண்டது. செங்கங்காருவைப் போலன்றி இதன் மூக்கைச் சுற்றியும் மென்மயிர் மூடியிருக்கும். வளர்ந்த ஆண் 60 கிலோவையும் தாண்டும். பகலில் நிழலில் படுத்திருந்து, அந்தியிலும் விடியலிலும் கூட்டமாக மேய வருவதால், அந்த நேரங்களில் தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள்; ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும்.

அடிபட்டது பெண்ணானால், போக்குவரத்தில்லாத பாதுகாப்பான இடமாக இருந்தால் மட்டும், அதன் பையைப் பாருங்கள். பிறக்கும்போது ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கும் குட்டி ஏறத்தாழ 11 மாதங்கள் பையைச் சார்ந்தே வளர்கிறது. ஆகவே தாய் இறந்தபின்னும் அது உயிரோடிருக்கலாம். உரோமம் முளைக்காத குட்டியின் வாய் முலைக்காம்போடு பிணைந்திருக்கும். அதை இழுக்கவே கூடாது. இழுத்தால் வாயும் தாடையும் சிதையும்.

தனியாகக் கிடைத்த குட்டியைத் துணிப்பையில் சுற்றி, இருட்டும் அமைதியும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் வையுங்கள். படம் எடுக்கவும் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் அது பொம்மையல்ல. நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா போன்ற மீட்பு அமைப்புகளை உடனே அழையுங்கள். அவர்கள் சொல்லும்வரை குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.