மனச்சோர்வு, மன அழுத்தம், ஆளுமை: சொல் விளக்கம்

'மன அழுத்தம்' என்ற தொடரை இன்று தமிழில் இரண்டு வேறு பொருள்களில் எழுதி வருகிறோம். ஆங்கிலத்தில் 'டிப்ரஷன்' எனப்படும் நோய்க்கும் அதுவே பெயர். 'ஸ்ட்ரெஸ்' எனப்படும் நெருக்கடிக்கும் அதுவே பெயர். திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி முதல் மருத்துவமனைச் சுவரொட்டி வரை இந்தக் குழப்பத்தைக் காணலாம். தேர்வு நெருங்கும்போது மாணவனுக்கு வரும் பதற்றமும், மாதக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் கிடக்கும் ஒரு தாயின் நோயும் ஒரே பெயரைப் பெறும்போது, இரண்டாவது முதலாவதைப் போலவே நாலு நாளில் சரியாகிவிடும் என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றி மருத்துவ உளவியல் கண்டறிந்த முக்கியமான உண்மையை, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லவே இயலாது.

முதலில் 'டிப்ரஷன்'. கீழ்நோக்கி அழுத்துதல் என்னும் பொருளுடைய 'டெப்ரிமெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. வானிலை அறிக்கையில் வரும் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்', பொருளியலில் வரும் 'பெருமந்தம்' ஆகிய இரண்டும் இதே ஆங்கிலச் சொல்லுக்கு அமைந்த தமிழ்ப் பெயர்களே. அவற்றை ஆக்கியவர்கள் இலத்தீன் வேரைப் பார்க்கவில்லை. அந்தந்தத் துறையில் என்ன நிகழ்கிறது என்பதைப் பார்த்தார்கள். மனநோய்க்குப் பெயர் தேடியபோது மட்டும் வேரைப் பின்பற்றி 'அழுத்தம்' என்று எழுதும் பழக்கம் நுழைந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

ஐரோப்பாவில் இந்நோய்க்கு முன்னர் வழங்கிய பெயர் 'மெலன்கோலியா'. கரும்பித்தம் என்பது அதன் பொருள். பித்தம் மிகுந்தால் மனம் கெடும் என்ற எண்ணம் நமக்கும் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பணியாற்றிய அடால்ஃப் மேயர் என்ற மனநல மருத்துவர், காரணம் இன்னதென்று தெரிந்ததுபோல் காட்டும் அப்பழம் பெயரைக் கைவிட்டு 'டிப்ரஷன்' என்றே சொல்லலாம் என்று வாதிட்டார். துயர மனநிலை, எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசிக் கேடு, களைப்பு, தன்னைத் தானே பழித்துக்கொள்ளுதல், சாவு பற்றிய நினைவு முதலான 9 அறிகுறிகளுள் ஐந்தேனும் குறைந்தது 2 வாரம் நீடிக்க வேண்டும் என்பதும், அந்த ஐந்தில் முதலிரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதும் இன்று வழங்கும் வரையறை.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் 'மனச்சோர்வு'. சோர்தல் என்றால் தளர்தல், நழுவி விழுதல், வழிதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது என்பன பழைய வழக்குகள். கீழே இறங்கும் அசைவு அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அழுத்துபவர் ஒருவர் வெளியே நிற்க வேண்டிய தேவை அதில் இல்லை. புறத்தே காரணம் எதுவும் தென்படாமலும் இந்நோய் வருவதுண்டு என்பதால், 'சோர்வு' என்பதே நோயின் இயல்போடு பொருந்துகிறது. ஒரு தடையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'சொலல்வல்லன் சோர்விலன் அஞ்சான்' என்னும் 647ஆம் குறளில் சோர்வு என்பது தவறவிடுதல், மறத்தல் என்ற பொருளில் வருகிறது. இந்தக் குற்றச்சாயல் இன்றும் முற்றாக நீங்கவில்லை. சோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று ஏசுவது எளிதாக இருக்கிறது. அதனால்தான், மருத்துவம் பற்றி எழுதுகிறவர்கள் 'மனச்சோர்வு நோய்' என்று நோயையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'சடவு' என்று ஒரு நல்ல சொல் உண்டு. 'சடவா இருக்கு' என்றால் உடம்பு அசந்து கிடக்கிறது என்று பொருள். உள்ளம் கொதித்துத் தவிப்பதற்கு 'வெப்ராளம்' என்பார்கள். மனச்சோர்வு கொண்டவர் மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலும் மனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தலைவலி, கைகால் அசதி, தூக்கமின்மை, சடவு என்று உடம்பைத்தான் சொல்கிறார். கலைச்சொல்லாக ஆவதற்குச் சடவு போதாது. ஆனால் நோயாளியின் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அதுதான் என்பதால், இப்பகுதியில் பணியாற்றும் மருத்துவரும் செவிலியரும் அதை உடற்களைப்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

'ஸ்ட்ரெஸ்' என்பதன் பின்னணியில் இருப்பது இறுக்கிக் கட்டுதல் என்னும் இலத்தீன் வினை. பொறியியலில் அது 'தகைவு'. 1936இல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செலியே என்ற ஆராய்ச்சியாளர், குளிர், காயம், நச்சு எனத் தாக்கியது எதுவாயினும் எலிகளின் உடலில் ஒரே வகை மாற்றங்கள் தோன்றுவதைக் கண்டு எழுதினார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் உண்டாயிற்று. அந்தப் பொது விளைவுக்கே பின்னாளில் 'ஸ்ட்ரெஸ்' என்று அவர் பெயரிட்டார். உளவியலிலோ அச்சொல் வெளியே நேரும் இன்னலையும் குறிக்கிறது, உள்ளே உணரும் பாரத்தையும் குறிக்கிறது. தமிழில் முன்னதை 'நெருக்கடி' என்றும் பின்னதை 'மன அழுத்தம்' என்றும் பிரித்துக்கொள்ளலாம். ஈழத்துத் தமிழர் 'நெருக்கீடு' என்று எழுதுவது இன்னும் கச்சிதமானது. நமக்கு அது பழகாத வடிவம் என்பதைத் தவிர வேறு குறை அதில் இல்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த உண்மைக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹேமன், மனச்சோர்வுக்கும் நெருக்கடிக்கும் இடையிலான உறவை ஆராய்வதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர். நெருக்கடி வந்தால் நோய் வரும் என்பது அவருக்கு முன்னரே தெரிந்ததுதான். லண்டனில் ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும் பெண்களிடையே நடத்தி அதைக் காட்டிய ஆய்வு 1978இல் நூலாக வந்தது. ஹேமன் அந்த அம்பைத் திருப்பிப் போட்டு, நோயே நெருக்கடியைக் கொண்டுவருமா என்றும் பார்த்தார். மனச்சோர்வு நோயுள்ள பெண்கள், இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும் மிகை எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) உள்ள பெண்கள், நாட்பட்ட உடல்நோய் உள்ள பெண்கள், நலமாக உள்ள பெண்கள் ஆகியோரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, அவர்களுக்கு நேர்ந்த ஒவ்வோர் இன்னலையும் இரண்டாகப் பகுத்தார். அவர்களுடைய செயலுக்குத் தொடர்பே இல்லாமல் நேர்ந்தவை ஒரு வகை; அவர்களுடைய நடத்தையோ நிலையோ ஓரளவேனும் பங்களித்தவை மற்றொரு வகை. முதல் வகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் வகையில், அதிலும் உறவுகளுக்குள் எழும் பிணக்குகளில், மனச்சோர்வு நோயுள்ள பெண்களுக்கு நேர்ந்தவையே மிகுந்திருந்தன. 1991இல் வெளியான இக்கட்டுரைதான் 'நெருக்கடி ஆக்கம்' என்ற கருத்துக்கு அடிப்படை.

ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணை வைத்து இதை எண்ணிப் பார்க்கலாம். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும், பக்கத்தில் நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. கணவனுக்கு விபத்து நேர்கிறது. அது அவள் செய்ததன்று. சில மாதங்களில் அவளுக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. கை ஓடவில்லை, வாரக் கணக்கில் பீடி குறைகிறது, மகளிர் குழுவின் தவணை தவறுகிறது. கூட்டத்துக்குப் போக மனமின்றி வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அவளுக்காகக் குழுவில் பொறுப்பேற்ற மதினி, 'ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மதினி?' என்று வாசலில் வந்து கேட்கிறாள். 'சடவா இருந்துச்சு' என்பதைத் தவிர இவளுக்குப் பதில் இல்லை. பேச்சு வார்த்தை நின்று போகிறது. தவணைக் கடனும் மதினியின் பிணக்கும் புது நெருக்கடிகள்; நோய் கொண்டுவந்து சேர்த்தவை. அவை நோயை மேலும் வளர்க்கும். இதில் அவளைக் குற்றம் சொல்ல இடமே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பங்களிப்பு வேறு, பழி வேறு. இந்த வரலாற்றை 'மன அழுத்தம் மன அழுத்தத்தை உண்டாக்கி, அது மீண்டும் மன அழுத்தத்தை உண்டாக்கியது' என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

தாயின் மனச்சோர்வு பிள்ளைகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் ஹேமன் ஆராய்ந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 800க்கு மேற்பட்ட தாய்களையும் அவர்களுடைய பதின்வயதுப் பிள்ளைகளையும் பட்ரீஷியா பிரென்னனோடு சேர்ந்து கண்டு பேசித் தொடர்ந்த ஆய்வு அதில் முதன்மையானது.

மூன்றாவது சொல் 'ஆளுமை'. ஒரே நெருக்கடி இருவரை ஏன் ஒரே மாதிரி வீழ்த்துவதில்லை என்ற கேள்விக்கு விடை தேடும்போது இது வருகிறது. ஆங்கிலத்தின் 'பெர்சனாலிட்டி', நாடக முகமூடியைக் குறித்த இலத்தீன் 'பெர்சோனா'விலிருந்து வந்தது. தமிழ்ச்சொல்லோ 'ஆள்' என்பதன் வழி வந்தது. 'இலக்கிய ஆளுமை', 'ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி' என்றெல்லாம் பேசிப் பேசி அதைப் புகழ்ச்சொல்லாக்கிவிட்டோம். உளவியலில் அது நடுநிலையானது. நம் ஊரார் 'குணம்' என்று சொல்வதே அதற்கு அருகில் நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் 1983இல் இரு குணங்களைப் பிரித்துக் காட்டினார்: பிறருடைய அன்பையும் ஏற்பையும் பற்றி நிற்கும் குணம் ஒன்று, தன் சாதனையையும் தற்சார்பையும் பற்றி நிற்கும் குணம் மற்றொன்று. முன்னவரை உறவு முறிவும், பின்னவரைத் தோல்வியும் கூடுதலாகத் தாக்கும் என்பது அவர் கருத்து. மேலே சொன்ன பெண்ணுக்குத் தவணைக் கடனைவிட மதினி பேசாதது பெரிய அடியாக இருந்தால், அது அவளுடைய குணத்தோடு சேர்ந்த செய்தி.

எனவே வெளியே நேர்வதற்கு நெருக்கடி, அதை உள்ளே உணர்வதற்கு மன அழுத்தம், நோய்க்கு மனச்சோர்வு நோய், அவரவர் இயல்புக்கு ஆளுமை அல்லது குணம் என்று வழங்கலாம். புறநோயாளிப் பிரிவில் 'மன அழுத்தம் இருக்கா?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், அந்தப் பீடி சுற்றும் பெண் கணவனின் விபத்தை நினைத்து 'ஆமா' என்பாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். 'வீட்டுல என்னம்மா கஷ்டம்?' என்று ஒன்றும், 'முன்ன ஆசையாச் செஞ்சது எதுலயாவது இப்ப மனசு ஒட்டுதா, எத்தன நாளா இப்படி இருக்கு?' என்று மற்றொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.